22 பார் காத்திருப்பு: ஹாண்டெலின் 'சாதோக்கு' ஆந்தம்

கேள்வி இது: ஐரோப்பியக் கால்பந்து சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு முன் ஒலிக்கும் பாட்டும், 2023-இல் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவில் கேட்ட பாட்டும் ஒன்றா? அதில் பாடகர்கள் வாய் திறக்கவே ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? எங்கள் திருச்சபைப் பாடகர் குழு அதைப் பாட முயலலாமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது. 1992-இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, டோனி பிரிட்டன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் அந்தக் கால்பந்துப் பாட்டை அமைத்தார். முடிசூட்டில் கேட்டது ஹாண்டெல் என்ற இசையமைப்பாளர் 1727-இல் எழுதிய ஆந்தம். அதில் வயலின்கள் படிப்படியாக ஏறிவரும் சாயலை எடுத்துக்கொண்டு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிச் சொற்களோடு அவர் வேறொரு பாட்டாக வளர்த்தார். அதனால்தான் இரண்டையும் கேட்கிறவர்களுக்கு எங்கேயோ கேட்ட நினைவு வருகிறது. மூலத்தை இனிப் பார்ப்போம். நான் முப்பது ஆண்டுகளாகத் திருச்சபைப் பாடகர் குழுவில் பாஸ் என்ற ஆண் கீழ்க்குரல் பாடுகிறவன். இந்த ஒரு பாட்டைப் பற்றிப் பேசக் கேட்டால் சுருக்கமாக நிறுத்த எனக்கு வராது.

'ஆந்தம்' என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் தேசிய கீதத்தையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் வழக்கில் ஆந்தம் என்பது, வேதவசனத்தையோ அதை ஒட்டிய சொற்களையோ இசையமைத்து, ஆராதனையின் நடுவே பாடகர் குழு பாடும் பாட்டு. சபையார் எல்லோரும் எழுந்து பாடும் பாமாலை வேறு. ஆந்தத்தின்போது சபை கேட்டுக்கொண்டிருக்கும். 1662-இன் பொது ஜெபப் புத்தகமே பாடகர் குழு உள்ள இடங்களில் ஆந்தம் இங்கே பாடப்படும் என்று இடம் ஒதுக்கியிருக்கிறது. வழக்கமாக ஆர்கன் ஒன்றே அதற்குத் துணை. எக்காளமும் முரசும் வயலின்களும் சேர்ந்த பெரிய வாத்தியக் குழுவோடு ஆந்தம் பாடுவது அரச விழாக்களுக்கும் பெரிய நன்றி ஆராதனைகளுக்கும் உரியது.

1727 ஜூன் மாதம் மன்னர் முதலாம் ஜார்ஜ் ஜெர்மனியில் ஒஸ்னாப்ரூக் என்ற ஊரில் இறந்தார். அவர் கடைசியாக ஒப்புதல் அளித்த சட்டங்களில் ஒன்று, ஹாலே நகரில் பிறந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஹாண்டெலுக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் குடியுரிமை கொடுத்தது. அரண்மனைத் தேவாலயத்தின் இசையமைப்பாளராக இருந்த வில்லியம் கிராஃப்ட் ஆகஸ்ட் மாதம் காலமானார். அந்த இடத்துக்கு மாரிஸ் கிரீன் வந்தார். முறைப்படி முடிசூட்டு இசையை அவர்தான் அமைத்திருக்க வேண்டும். புதிய மன்னர் இரண்டாம் ஜார்ஜ் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஹாண்டெல்தான் வேண்டும் என்றார். பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் தன் கைப்பட எழுதிவைத்த குறிப்பு ஒன்றில், ஹாண்டெலுக்கு நான்கே வாரங்கள் கிடைத்தன என்று இருக்கிறது. அக்டோபர் 4 என்று குறித்திருந்த விழா, தேம்ஸ் நதியின் ஏற்றவெள்ளம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் புகுந்துவிடும் என்ற அச்சத்தால் 11-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

அந்த இடைவெளியில் அவர் ஒன்றல்ல, நான்கு ஆந்தங்களை எழுதி முடித்தார். நான்கும் நல்லவை. மன்னரின் மனைவி ராணி கரோலினின் முடிசூட்டுக்காக எழுதியது மென்மையில் மற்ற மூன்றையும் விஞ்சும் என்பது என் எண்ணம். ஆனால் 1727-க்குப் பிறகு நடந்த ஒவ்வொரு பிரிட்டிஷ் முடிசூட்டிலும் தவறாமல் பாடப்பட்டு வருவது 'ஆசாரியனாகிய சாதோக்கு' என்று தொடங்கும் இந்த ஆந்தம்தான். விக்டோரியாவுக்கு 1838-இல், எலிசபெத்துக்கு 1953-இல், மூன்றாம் சார்லஸுக்கு 2023 மே 6-இல். கடைசியாக நடந்த விழாவின் இசைப் பொறுப்பு முழுவதும், முடிசூட்டு நடக்கும் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பாடகர் குழுத் தலைவர் ஆண்ட்ரூ நெத்சிங்கவிடம் இருந்தது. அவர் தந்தை வழியில் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல எனக்கு ஆசை.

சொற்கள் ஹாண்டெலைவிட மிகப் பழையவை. 973-இல் பாத் நகரில் எட்கர் மன்னருக்கு முடிசூட்டியபோதே இதன் லத்தீன் வடிவம் பாடப்பட்டது. 1661-இல் இரண்டாம் சார்லஸுக்கு ஹென்றி லாஸ் என்பவர் இதே சொற்களுக்கு இசையமைத்திருக்கிறார். மொத்தம் மூன்றே வாக்கியங்கள்தான். ஆசாரியனாகிய சாதோக்கும் தீர்க்கதரிசியாகிய நாத்தானும் சாலொமோனை ராஜாவாக அபிஷேகம் செய்தார்கள்; ஜனங்களெல்லாரும் மகிழ்ந்தார்கள்; ராஜா வாழ்க, என்றென்றும் வாழ்க, ஆமென், அல்லேலூயா. 1 இராஜாக்கள் முதலாம் அதிகாரத்தின் 38 முதல் 40 வரையான வசனங்களின் சுருக்கம் இது.

அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தவர்களுக்குத் தெரியும், அது அமைதியான விழா அன்று. தாவீது முதுமையில் படுக்கையில் கிடக்கிறார். மகன் அதோனியா, தானே ராஜா என்று சொல்லி விருந்து வைத்துக்கொண்டிருக்கிறான். இன்னொரு மகன் சாலொமோனின் தாய் பத்சேபாளும் நாத்தானும் தாவீதிடம் ஓடுகிறார்கள். தாவீதின் கோவேறு கழுதையின்மேல் சாலொமோனை ஏற்றி, கீகோனுக்கு அழைத்துப்போய், சாதோக்கு தைலக்கொம்பை எடுத்து அபிஷேகம் செய்கிறான். ஊர் அதிரும் சத்தம் அதோனியாவின் விருந்துப் பந்திவரை கேட்கிறது. பட்டத்துக்கு இரண்டு பேர் உரிமை கோரும்போது யார்மேல் எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதே தீர்ப்பாகிறது. 1727-இல் அபேயில் அமர்ந்திருந்தவர்களுக்கு இது வெறும் பழங்கதையாக இருந்திருக்காது. முன்பு நாட்டை ஆண்ட ஸ்டூவர்ட் வம்சத்தவர் ஒருவர் அரியணைக்கு உரிமை கோரிக்கொண்டு ஐரோப்பாவில் வாழ்ந்துகொண்டிருந்தார்; அவருக்காக எழுந்த 1715 கலகம் நடந்து 12 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த வம்சத்தின் இரண்டாவது மன்னரே இரண்டாம் ஜார்ஜ். 'சாலொமோனை அபிஷேகம் செய்தார்கள்' என்று ஏழு குரல்களும் சேர்ந்து முழங்குவதில் பக்தியும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. இரண்டையும் அறிந்து பாடுவதே நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்த ஆந்தத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மேலை இசையில் ஒரு தாளவட்டத்தைப் 'பார்' என்பார்கள். நம் ஆவர்த்தனம் போல. இந்த ஆந்தத்தில் 22 பார்களுக்கு வாத்தியங்கள் மட்டுமே ஒலிக்கின்றன. 23-ஆவது பாரில்தான் பாடகர்கள் வருகிறார்கள். மொத்தப் பாட்டே ஐந்தரை நிமிடத்தை ஒட்டியது. அதில் ஒன்றரை நிமிடம் போல முன்னிசைக்கே போய்விடுகிறது. அந்த முன்னிசையில் 'மெட்டு' என்று முணுமுணுக்க எதுவும் இல்லை. வயலின்கள் ஒரு அடிக்கு நான்கு சுரமாக ஸ, க, ப என்று ஒரு சுரக்கூட்டை உடைத்து உடைத்து மேலே ஏற்றுகின்றன. மற்ற வாத்தியங்கள் கீழே நெஞ்சுத் துடிப்பு போல ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கின்றன. டி மேஜர் சுருதி. நம் கணக்கில் இரண்டு கட்டையில் சங்கராபரணம் என்று வைத்துக்கொள்ளலாம், அக்காலச் சுருதி இன்றையதைவிடச் சற்றுக் குறைவு என்றாலும். சுரக்கூட்டுகள் மெல்ல மெல்ல மாறுகின்றன. நடுவில் வெயிலில் மேகம் கடப்பது போல சோகச் சாயலுள்ள ஒரு மைனர் நிழல் விழுகிறது. மறுபடி வெளிச்சம் வருவது போல் தோன்றி வராமல் போகிறது. கடைசியில் ஸ்ருதி பஞ்சமத்தில் வந்து நின்று, ஷட்ஜத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்பின் உச்சியில் கதவு திறக்கிறது.

கதவு திறக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. அதுவரை வாய் திறக்காத எக்காளங்கள் மூன்றும், அதுவரை தொடப்படாத முரசும், பாடகர்களோடு ஒரே நொடியில் வந்து சேர்கின்றன. ஹாண்டெலின் கணக்கு அபாரமானது. கையில் இத்தனை பெரிய படை இருந்தும், முதல் ஒன்றரை நிமிடம் அதன் பாதியை அவர் வெளியே காட்டவில்லை. அன்றைய எக்காளத்துக்கு, விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் வால்வு கிடையாது. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சாலுமே சுரம் பிறக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் ஸ, ப, க என்று இடைவெளி விட்டு விட்டுத்தான் சுரங்கள் கிடைக்கும்; வரிசையாகச் சுரம் வாசிக்க வேண்டுமென்றால் உச்சியில் ஏறியாக வேண்டும். முரசு இரண்டும் ஸ, ப என்ற இரண்டே சுரங்களுக்குக் கட்டப்பட்டவை. ஆகவே எக்காளமும் முரசும் வேண்டுமென்றால் டி மேஜர்தான் என்பது அக்காலத்தில் பெரும்பாலும் எழுதாத விதி. வாத்தியத்தின் இந்தக் குறுகிய எல்லைக்குள் நின்றுகொண்டு, வாத்தியத்தை எப்போது பேசவிடுவது என்ற ஒன்றை மட்டும் வைத்து அவர் இந்த விளைவை உண்டாக்கினார்.

ஏன் இப்படி எழுதினார் என்பதற்கு, இந்தப் பாட்டு எங்கே பாடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முடிசூட்டு விழாவில் கிரீடம் சூட்டுவதைவிடப் புனிதமான கட்டம் அபிஷேகம். மன்னரின் பட்டாடைகள் களையப்படும்; எளிய உடையில் பழைய நாற்காலியில் அமர்வார்; பேராயர் கரண்டியில் எண்ணெய் எடுத்துப் பூசுவார். 1953-இல் விழா முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இந்த ஒரு பகுதியை மட்டும் காட்டவில்லை. ராணியின் தலைக்குமேல் நான்கு பேர் விதானம் பிடித்தார்கள். 2023-இல் மூன்று பக்கமும் திரை நிறுத்தினார்கள். எருசலேமில் புனிதப்படுத்தப்பட்ட எண்ணெய் அந்தத் திரைக்குள் பூசப்பட்டது. வெளியே இருந்த கோடிக்கணக்கான பேருக்குக் கிடைத்தது இந்த இசை ஒன்றுதான்.

நம் கோயில்களில் அலங்காரத்துக்குத் திரை போட்டிருக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. வெளியே நாகசுரம் நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கும். குழந்தைகள்கூடத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரை விலகித் தீபாராதனை காட்டும் கணத்தில் கெட்டிமேளமும் மணியும் சேர்ந்து எழும். நான் இந்த ஆந்தத்தின் முன்னிசையைப் புரிந்துகொண்டது அப்படித்தான். அந்த 22 பார்கள் திரையின் முன்னால் நிற்கும் நேரம். மெட்டு இல்லாததற்கும் காரணம் அதுவே என்று நினைக்கிறேன். மெட்டு இருந்தால் காது அதைப் பின்தொடர்ந்து வேடிக்கை பார்க்கப் போய்விடும். இங்கே காதுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

இந்த ஏற்றத்தை வாத்தியக் குழுக்கள் பல விதமாக வாசிக்கின்றன. சிலர் காதில் விழாத அளவு மெல்லத் தொடங்கிக் கடலலை போல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வேறு சிலர் ஒரே அளவில் வாசித்து, சுரக்கூட்டுகளின் மாற்றமே வேலையைச் செய்யட்டும் என்று விடுவார்கள். ஒலியைப் படிப்படியாகக் கூட்டும் குறிகளை எழுதும் வழக்கம் அக்காலத்தில் பரவலாகியிருக்கவில்லை. எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும். ஒலியைக் கூட்டிக் காட்டினால் அடுத்து வெடிக்கப் போகிறது என்று கேட்பவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரே சீராக நடந்துபோய்க் கதவைத் திறந்தால், எத்தனை முறை கேட்டிருந்தாலும் உடல் சிலிர்க்கும்.

முதல் பகுதி முடிந்ததும் தாளம் மூன்றடிக்கு மாறுகிறது. 'ஜனங்களெல்லாரும் மகிழ்ந்தார்கள்' என்ற சொற்கள் துள்ளல் நடையில் வருகின்றன. பிறகு மீண்டும் நான்கடி. 'ராஜா வாழ்க' என்பது தூண் தூணாக நிற்கும் சுரக்கூட்டுகளில் முழங்குகிறது. இடையிடையே 'ஆமென்' என்ற ஒரே சொல்லை நீட்டி ஒவ்வொரு குரலும் பிருகா போல ஓடுகிறது. முடிவில் அத்தனை வேகமும் அடங்கி, நிதானமாக ஒரு அல்லேலூயா.

முதல் நாள் நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். சுமார் 40 பாடகர்களும் 160 வாத்தியக்காரர்களும் ஒத்திகையில் இருந்ததாக அன்றைய செய்தித்தாள் எழுதியது. கூட்டம் முண்டியடித்துவிடும் என்று ஒத்திகை நேரத்தையே ரகசியமாக வைத்திருந்தார்கள். விழா நாளிலோ குளறுபடி. கேன்டர்பரி பேராயர் வில்லியம் வேக் தன் ஆராதனை முறைத்தாளின் ஓரத்தில், ஆந்தம் ஒன்று குழப்பமாகிவிட்டது, இசை முழுவதும் ஒழுங்கற்றது என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். வேறொரு ஆந்தத்தைப் பாட மறந்தே போனார்கள். அந்த மாபெரும் கட்டடத்தில் பாடகர்கள் பிரிந்து பிரிந்து நின்றால் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் கேட்பதும் கடினம் என்பது பாடியவர்களுக்குப் புரியும். அந்த நாளின் குழப்பத்தைத் தாண்டி இந்த இசை பிழைத்தது. ஹாண்டெலே 1732-இல் 'எஸ்தர்' என்ற இசைநாடகத்தில் இதை வேறு சொற்களோடு எடுத்தாண்டார். அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1784-இல், அவர் அடக்கம் செய்யப்பட்ட அதே அபேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கூடி நடத்திய நினைவு விழா இந்த ஆந்தத்தோடுதான் தொடங்கியது.

இனி, உங்கள் பாடகர் குழு பாடலாமா? பாடலாம். ஆனால் எண்ணிப் பார்த்துத் தொடங்குங்கள். எழுதப்பட்டது ஏழு குரல்களுக்கு: மேலிருந்து கீழாக, சொப்ரானோ இரண்டு, ஆல்ட்டோ இரண்டு, டெனர் ஒன்று, பாஸ் இரண்டு. ஒரு குரலுக்கு மூன்று பேராவது இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பேன். அதற்கே 21 பேர் வேண்டும். சுரங்களைக் கற்பது பெரிய வேலை இல்லை. 23-ஆவது பாரில் நுழைவதுதான் வேலை. ஒன்றரை நிமிடம் சும்மா நின்ற தொண்டையிலிருந்து, முழு ஒலியில், ஒரே நொடியில், எல்லோரும் தொடங்க வேண்டும். முதல் எழுத்தான மெய்யொலியைத் தாளத்துக்குச் சற்று முன்பே உச்சரித்து, உயிரொலி சரியாகத் தாளத்தில் விழும்படி பழகுங்கள். 21-ஆவது பாரிலேயே எல்லோரும் சேர்ந்து மூச்சை வெளியே விட்டு, 22-இல் சேர்ந்து உள்ளிழுக்கச் சொல்லுங்கள். முன்னிசையின்போது பாட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நுழைவைத் தவறவிடுவார்கள். நடத்துநரைப் பார்த்து நிற்பவர்கள் தவறவிட மாட்டார்கள்.

வாத்தியக் குழு இல்லாவிட்டால் ஆர்கன் போதும். கீபோர்டில் ஆயத்தமான வயலின் ஒலியை வைத்து வாசிப்பதைவிடச் சாதாரண ஆர்கன் ஒலியே எவ்வளவோ மேல். யாராவது இரண்டு எக்காளக் கலைஞர்கள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பிருகா ஓட்டங்களை முதலில் பாதி வேகத்தில், சொல் இல்லாமல், சுரமாகவே பாடிப் பழகட்டும். கீர்த்தனை பாடிப் பழகிய நம் பெண்களுக்கு இந்த ஓட்டங்கள் எளிதாக வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் பாடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு முறை முயன்றோம். 'ராஜா வாழ்க' என்று வைத்தால் முழக்கத்தின் கடைசி அழுத்தம் 'க' என்ற குறிலில் விழுந்து ஒலி ஒடுங்கிப்போனது. 'வாழ்க ராஜா' என்று மாற்றியதும் 'ஜா' என்ற நெடில் மண்டபத்தை நிறைத்தது. ஆனால் தொடக்க வரி தமிழில் நீண்டுவிடுகிறது. 'ஆசாரியனாகிய' என்பதற்குள்ளேயே முதல் முழக்கத்துக்கான இடம் தீர்ந்துபோகிறது. ஆகவே ஆங்கிலத்தில் பாடுவதையே சிபாரிசு செய்வேன். அந்நிய அரசருக்கான வாழ்த்து நமக்கு எதற்கு என்று குழுவில் யாராவது கேட்கலாம். எங்கள் குழுவிலும் கேட்டார்கள். வசனத்தில் இருக்கும் ராஜா சாலொமோன் என்று அன்று சொன்னேன். அதைவிட நல்ல பதில் வேதப் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதல் பயிற்சி நாளில் பாட்டுத்தாள்களை விநியோகிக்கும் முன், 1 இராஜாக்கள் முதலாம் அதிகாரத்தை நம் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பூமி அதிரும்படி ஜனங்கள் மகிழ்ந்த 40-ஆம் வசனத்தில், அவர்கள் கையில் மொழிபெயர்ப்பாளர்கள் கொடுத்திருப்பது நாகசுரம். அங்கே வாசிப்பை நிறுத்திவிட்டு, ஆர்கன் கலைஞரைப் பார்த்து முதல் பாரைத் தொடங்கச் சொல்லுங்கள்.